விளையாட வரலாம், மெம்பராக முடியாது: ஃபாரஸ்ட் ஹில்ஸ் டென்னிஸ் கிளப்பின் கதை

இன்னைக்கு ஒரு டென்னிஸ் கிளப்பின் கதை. டென்னிஸ் பார்க்காதவங்களும் தாராளமா கேட்கலாம், ஸ்கோர் கணக்கு ரொம்ப வராது. கதை முழுக்க ஒரு கேட்டைச் சுத்தித்தான் நடக்குது. அந்த கேட்டுக்குள்ள யார் வரலாம், யார் வெளியே நிக்கணும்?

1959, ஜூலை மாதம். நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் கியூ கார்டன்ஸ்னு ஒரு அமைதியான குடியிருப்பு. அங்கே ஒரு அப்பா, 15 வயசுப் பையன். பையன் பக்கத்து ஏரியாவான ஃபாரஸ்ட் ஹில்ஸில் இருக்கும் வெஸ்ட் சைட் டென்னிஸ் கிளப்பின் கோச்சிடம் டென்னிஸ் கத்துக்கிட்டு இருக்கான். நல்லா ஆடறான், மெம்பராவே சேர்ந்துடலாமேன்னு கோச் யோசனை சொல்றார். அப்பா கிளப் தலைவரிடம் விசாரிக்கிறார். அவருக்குக் கிடைத்த பதில்: இங்கே யூதர்களையும் கறுப்பினத்தவரையும் சேர்க்கறது இல்லை.

அந்த அப்பாவின் பெயர் ரால்ஃப் பன்ச். ஐ.நா. சபையில் மிக உயர்ந்த பொறுப்பில் இருந்த அமெரிக்கர். 1949-ல் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் இடையே போர்நிறுத்த ஒப்பந்தங்களைப் பேசி முடித்தவர். அதுக்காக 1950-ல் நோபல் அமைதிப் பரிசு வாங்கினார். நோபல் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

நாடுகளை ஒரே மேசையில் உட்கார வெச்ச மனுஷனுக்கு, வீட்டுப் பக்கத்து டென்னிஸ் கிளப்பில் இடம் இல்லை. இது மட்டும்தான் கதைன்னா, இனவெறி பிடிச்ச ஒரு பழைய கிளப்னு சொல்லிட்டு முடிச்சுடலாம். ஆனா இன்னொரு விஷயம் இருக்கு. அதே கிளப்பின் மைதானத்தில்தான் 1957-லயும் 1958-லயும் அமெரிக்க தேசிய சாம்பியன்ஷிப் பட்டத்தை ஆல்தியா கிப்ஸன் ஜெயிச்சார். அவரும் கறுப்பினப் பெண்தான்.

கோப்பையை ஜெயிக்கலாம், ஆனா மெம்பராக முடியாது. இது ரெண்டும் ஒரே இடத்தில் எப்படி உண்மையா இருக்க முடியும்? இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

வாடகை நிலத்தில் 13 பேர்

1892 ஏப்ரல் மாதம், 13 பேர் சேர்ந்து இந்த கிளப்பை ஆரம்பிச்சாங்க. இடம் ஃபாரஸ்ட் ஹில்ஸ் இல்லை, மன்ஹாட்டன். சென்ட்ரல் பார்க்கின் மேற்கு ஓரத்தில் வாடகைக்கு எடுத்த நிலம். மூணு களிமண் கோர்ட், உடை மாத்த ஒரு சின்னக் கொட்டகை. பார்க்கின் மேற்குப் பக்கம் இருந்ததால வெஸ்ட் சைட்னு பேர். இன்னைக்கு கிளப் இருக்கறது நகரத்தின் கிழக்கே. பேரை மட்டும் மாத்தவே இல்லை.

சென்னையிலோ பெங்களூரிலோ வாடகை வீட்டில் இருக்கறவங்களுக்கு அடுத்து நடந்தது நல்லாவே புரியும். நிலத்தின் மதிப்பு ஏறியது, கிளப் காலி பண்ண வேண்டி வந்தது. 1902-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் போனாங்க. 1908-ல் இன்னும் வடக்கே, 238-ம் தெருவுக்கு. நகரம் வளர வளர, டென்னிஸ் கோர்ட்டை ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டே இருந்தது. ஒரு கோர்ட்டின் கோடுகளுக்கு உள்ளே இருக்கற இடம் மட்டும் 78 அடி நீளம், 36 அடி அகலம். நாலு பேர் விளையாட அவ்வளவு நிலம்னா, மன்ஹாட்டன் விலைக்கு அது எத்தனை நாள் தாங்கும்?

1911-ல் டேவிஸ் கோப்பைப் போட்டி ஒண்ணு இந்த கிளப்பில் நடந்தது. ஆயிரக்கணக்கில் கூட்டம். டென்னிஸ் பார்க்க இவ்வளவு பேர் வருவாங்கன்னா நமக்குன்னு சொந்த இடம் வேணும்னு அப்போதான் முடிவு பண்ணாங்க.

சரியான நேரத்தில் ரயிலும் வந்தது. 1910-ல் ஈஸ்ட் ஆற்றுக்கு அடியில் சுரங்கப் பாதை திறந்து, குவீன்ஸிலிருந்து மன்ஹாட்டனின் பென் ஸ்டேஷனுக்கு நேரடியா ரயில் ஓட ஆரம்பிச்சது. அதுவரைக்கும் வயலும் தோப்புமா இருந்த இடம், கால் மணி நேரப் பயணத்தில் நகரத்துக்குப் போய் வரக்கூடிய புறநகர் ஆயிடுச்சு. ரஸ்ஸல் சேஜ் அறக்கட்டளை அங்கே ஃபாரஸ்ட் ஹில்ஸ் கார்டன்ஸ் என்ற குடியிருப்பைத் திட்டம் போட்டுக் கட்டியது. இங்கிலாந்து கிராமத்தை அப்படியே தூக்கிட்டு வந்த மாதிரி ஓட்டுக் கூரைகள், வளைஞ்சு போற தெருக்கள். அதை ஒட்டி கிளப் நிலம் வாங்கி, 1913-ல் குடியேறியது. புல்தரை கோர்ட்டுகள், அதே இங்கிலாந்து பாணியில் ஒரு கிளப் ஹவுஸ்.

அடுத்த வருஷமே அங்கே நடந்த டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல கூட்டம். 1915-ல் ஆண்கள் தேசிய சாம்பியன்ஷிப் நியூபோர்ட்டிலிருந்து ஃபாரஸ்ட் ஹில்ஸுக்கு வந்தது. 1923-ல் சுமார் 14,000 பேர் உட்காரக்கூடிய குதிரை லாட வடிவ கான்கிரீட் ஸ்டேடியம் கட்டி முடிச்சாங்க. அதுக்கப்புறம் அமெரிக்காவில் ஃபாரஸ்ட் ஹில்ஸ்னு சொன்னாலே டென்னிஸ்னு அர்த்தம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஒரு நாட்டின் தேசிய சாம்பியன்ஷிப், ஒரு தனியார் கிளப்பின் வீட்டுக்குள்ள நடக்குது. அந்த கேட் இனிமே கிளப்போட கேட் மட்டும் இல்லை, அந்த விளையாட்டுக்கே கேட்.

விதியில் இல்லாத தடை

கறுப்பினத்தவர் இந்தப் போட்டியில் ஆடக்கூடாதுன்னு எழுதி வெச்சிருந்தாதான் தடையா? தேவையே இல்லை. அன்றைய அமெரிக்க டென்னிஸ் சங்கம் அடிப்படையில் கிளப்களின் கூட்டமைப்பு. தேசியப் போட்டிக்கு நுழையணும்னா, அதுக்கு முன்னாடி சில பெரிய போட்டிகளில் ஆடித் திறமையைக் காட்டியிருக்கணும். அந்தப் போட்டிகள் எல்லாம் நடக்கறது வெள்ளையர்களுக்கு மட்டுமான கிளப்களில். அங்கே அழைப்பு வராது. அழைப்பு வராததால காட்ட ரிசல்ட் இருக்காது. ரிசல்ட் இல்லாததால தேசியப் போட்டியில் இடம் இருக்காது. அனுபவம் இருந்தாதான் வேலை, வேலை இருந்தாதான் அனுபவம்னு ஃப்ரெஷர்ஸ் புலம்புவோமே, அதே சுழல். என்ன வித்தியாசம்னா, இந்தச் சுழலிலிருந்து பிறப்பால யாரும் வெளியே வர முடியாது.

அதனால 1916-லேயே கறுப்பின ஆட்டக்காரர்கள் அமெரிக்கன் டென்னிஸ் அசோசியேஷன்னு தனிச் சங்கம் அமைச்சு, தங்களுக்குள்ள தேசியப் போட்டி நடத்திக்கிட்டாங்க. ஹார்லெம் தெருவில் வளர்ந்த ஆல்தியா கிப்ஸன், 1947-லிருந்து வருஷா வருஷம் அந்தப் பட்டத்தை ஜெயிச்சுக்கிட்டு இருந்தார். ஃபாரஸ்ட் ஹில்ஸ் கேட் மட்டும் திறக்கலை.

1950 ஜூலையில் ஆலிஸ் மார்பிள் ஒரு கட்டுரை எழுதினார். அவர் வெள்ளையினப் பெண், நாலு தடவை அமெரிக்க சாம்பியன், 1939 விம்பிள்டன் சாம்பியன். 'அமெரிக்கன் லான் டென்னிஸ்' பத்திரிகையில் வந்த அந்தக் கட்டுரையில், கிப்ஸனை வெளியே நிறுத்தி வெச்சிருக்கறதைப் பார்த்து டென்னிஸ் உலகம் வெட்கப்படணும்னு நேரடியா எழுதினார். உள்ளே இருக்கற ஒருத்தர், அதுவும் பட்டம் ஜெயிச்ச ஒருத்தர், தன் ஆட்களைப் பார்த்தே கேட்ட கேள்வி அது. அடுத்த மாதமே கிப்ஸனுக்கு ஃபாரஸ்ட் ஹில்ஸில் இடம் கிடைச்சது.

முதல் சுற்றை அவர் ஆடினது பெரிய ஸ்டேடியத்தில் இல்லை, ஓரமா இருந்த 14-ம் நம்பர் கோர்ட்டில். ஜெயிச்சார். ரெண்டாவது சுற்றில் எதிரே லூயிஸ் ப்ரஃப், அந்த வருஷத்து விம்பிள்டன் சாம்பியன். முதல் செட் ப்ரஃபுக்கு, ரெண்டாவது கிப்ஸனுக்கு. மூணாவது செட்டில் கிப்ஸன் 7-6 என்று முன்னிலை. அப்போ டை-பிரேக் கிடையாது, இன்னும் ஒரு கேம் எடுத்தா வெற்றி. அந்த நேரம் பார்த்து இடி மின்னலோட மழை. ஸ்டேடியத்தின் மேல இருந்த கல் கழுகுச் சிலைகளில் ஒண்ணு மின்னல் தாக்கிக் கீழே விழுந்தது. ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப் போனது. காலையில் தொடர்ந்தப்போ பத்துப் பதினோரு நிமிஷத்தில் ப்ரஃப் 9-7 என்று முடிச்சுட்டார்.

தோல்விதான். ஆனா ஏழு வருஷம் கழிச்சு, 1957-ல் அதே ஸ்டேடியத்தில் கிப்ஸன் கோப்பையைத் தூக்கினார். அதே வருஷம் விம்பிள்டனும் அவருக்குத்தான்.

கோர்ட் வேற, கிளப் வேற

இப்போ 1959-க்குத் திரும்பி வருவோம். கிப்ஸன் ரெண்டு தடவை ஜெயிச்ச பிறகும் பன்ச் குடும்பத்துக்கு ஏன் அந்தப் பதில்?

ஏன்னா போட்டியில் ஆடறவர் ரெண்டு வாரத்துக்கு விருந்தாளி. மெம்பர் அப்படி இல்லை. வார நாள் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்கறவர், கமிட்டித் தேர்தலில் ஓட்டுப் போடறவர், நாளைக்கு நீங்க சேரலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணப் போறவர். ஆட வரவங்களை அனுமதிச்சா கிளப்புக்குப் பேரும் டிக்கெட் வருமானமும் கிடைக்கும். மெம்பராச் சேர்த்தா அதிகாரத்தில் பங்கு கொடுக்கணும். அங்கேதான் கேட் இறுகிப் போனது.

நம்ம நாட்டுக்கும் இது புதுசு இல்லை. வெள்ளைக்காரங்க காலத்து கிளப்களில் இந்தியர்கள் பரிமாறலாம், மெம்பராக முடியாதுங்கற நிலைமை பல ஊர்களில் இருந்தது.

பன்ச் இந்தப் பதிலை மூடி மறைக்கலை. விஷயம் பத்திரிகைகளில் வந்தது, நாடு முழுக்கக் கண்டனம். கிளப் தலைவர் பதவி விலகினார். கிளப் மன்னிப்புக் கேட்டது, பன்ச்சையும் அவர் மகனையும் மெம்பராச் சேர அழைச்சது.

பன்ச் மறுத்துட்டார்.

அவர் சொன்ன காரணம்தான் இந்தக் கதையில் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. இந்த அழைப்பு எல்லாரும் சமம்ங்கற அடிப்படையில் வரலை, என் பேருக்கும் புகழுக்கும் கொடுக்கற விதிவிலக்கு, அதனால வேண்டாம்னார். எங்க தொழில் பாஷையில் சொல்றேன். பெரிய கஸ்டமர் ஒருத்தர் கத்தினார்னா, அவர் ஐடிக்கு மட்டும் கோடில் ஒரு 'இஃப்' கண்டிஷன் போட்டு வாயை அடைச்சுடுவோம். டிக்கெட் க்ளோஸ். ஆனா பக் அப்படியே இருக்கும், அவரை மாதிரிக் கத்த முடியாத எல்லாருக்கும். பன்ச் அந்த 'இஃப்' கண்டிஷனா இருக்க மாட்டேன்னு சொன்னார்.

நோபல் பரிசு வாங்கினவருக்கே இந்தப் பதில்னா, சாதாரண கறுப்பினத் தொழிலாளியோட பையனுக்கு என்ன பதில் கிடைச்சிருக்கும்? அவன் விண்ணப்பிச்சாக் கூட செய்தியாகி இருக்காது. அந்த அழைப்பை பன்ச் ஏத்துக்கிட்டிருந்தா, இப்போ எல்லாம் சரியாயிடுச்சுன்னு கிளப் சொல்லிக்க ஒரு ஆதாரம் கிடைச்சிருக்கும்.

காசு இன்னொரு கேட்

நிறம் மட்டும் தடை இல்லை. 1968 வரைக்கும் இந்த சாம்பியன்ஷிப்பில் அமெச்சூர்கள் மட்டும்தான் ஆடலாம். டென்னிஸை வெச்சு சம்பாதிச்சா வெளியே. காசுக்காக ஆடாதது கௌரவம்னு கேட்க அழகா இருக்கும். வீட்டில் வசதி இருக்கறவங்களுக்கு அது சுலபம்.

பாஞ்சோ கொன்சாலஸ் இதுக்கு நல்ல உதாரணம். மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம், லாஸ் ஏஞ்சலிஸ் பொது மைதானத்தில் தானே ஆடிக் கத்துக்கிட்டவர். 1948-லும் 1949-லும் ஃபாரஸ்ட் ஹில்ஸில் சாம்பியன். அடுத்து பிழைப்புக்காகத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். அதோட கேட் மூடியது. உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்னு பலர் கருதிய வருஷங்கள் பூராவும் அவர் வெளியே. 1968-ல் தடை நீங்கி எல்லாருக்குமான 'யு.எஸ். ஓபன்' ஆனப்போ அவருக்கு 40 வயசு. அப்பவும் காலிறுதி வரைக்கும் போனார்.

அந்த முதல் யு.எஸ். ஓபனை ஜெயிச்சவர் ஆர்தர் ஆஷ். கறுப்பின இளைஞர், அமெரிக்க ராணுவத்தில் லெப்டினன்ட். இறுதிப் போட்டியில் டாம் ஆக்கரை அஞ்சு செட்டில் தோற்கடிச்சார். முதல் பரிசு 14,000 டாலர். ஆனா ஆஷ் இன்னும் அமெச்சூர் என்பதால அந்தப் பணம் தோற்ற ஆக்கருக்குப் போனது. ஆஷுக்குக் கிடைச்சது ஒரு நாளைக்கு 20 டாலர் செலவுப் பணம். பன்ச்சுக்குக் கிடைத்த அந்தப் பதிலுக்கு ஒன்பது வருஷம் கழிச்சு, அதே கிளப்பில் இது நடந்தது.

அடுத்த பத்து வருஷத்தில் டென்னிஸின் பல மாற்றங்கள் இந்தப் புறநகர் கிளப்பில்தான் அரங்கேறின. 1970-ல் டை-பிரேக் முதல் தடவையா ஒரு கிராண்ட் ஸ்லாமில் இங்கே வந்தது. 1972-ல் ஆண்கள் சாம்பியனுக்கு 25,000 டாலர், பெண்கள் சாம்பியன் பில்லி ஜீன் கிங்குக்கு 10,000. அடுத்த வருஷம் இதே நிலைமைன்னா வர மாட்டேன்னு கிங் சொன்னார். 1973-ல் ரெண்டு பேருக்கும் சமப் பரிசு. இதைச் செஞ்ச முதல் கிராண்ட் ஸ்லாம் இதுதான். விம்பிள்டன் அந்த நிலைக்கு வந்தது 2007-ல்.

அதே 1973-ல் நம்ம ஊர்க்காரர் ஒருத்தரும் இங்கே பேசப்பட்டார். மெட்ராஸ்காரர் விஜய் அமிர்தராஜ், வயசு 19. அந்தப் புல்தரையில் ராட் லேவரைத் தோற்கடிச்சு காலிறுதிக்குப் போனார். நாலு வருஷம் முன்னாடி ஒரே வருஷத்தில் நாலு கிராண்ட் ஸ்லாமும் ஜெயிச்ச லேவரை! 1974-ல் அதே இடத்தில் பியோன் போர்க்கையும் வெளியே அனுப்பினார். ரெண்டு வருஷமும் காலிறுதியில் அவரை நிறுத்தியவர் கென் ரோஸ்வால்.

1977-ல் இன்னொரு கேட். பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட ரெனே ரிச்சர்ட்ஸ், பெண்கள் பிரிவில் ஆட நீதிமன்றம் போய் அனுமதி வாங்கினார். ஒற்றையரில் முதல் சுற்றிலேயே வெர்ஜினியா வேடிடம் தோற்றார், இரட்டையரில் இறுதிப் போட்டி வரை போனார்.

மார்பிளின் கட்டுரை, பன்ச்சைப் பத்தி வந்த செய்திகள், கிங்கின் எச்சரிக்கை, ரிச்சர்ட்ஸின் வழக்கு. இந்த நாலு தடவையும் கேட் தானாத் திறக்கலை. ஒருத்தர் வந்து தட்ட வேண்டியிருந்தது, கூடவே ஊர் பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியிருந்தது.

பக்கத்துப் பூங்காவுக்கு

1970-களில் டிவியும் காசும் வந்த பிறகு கூட்டம் தாங்கலை. குடியிருப்புக்கு நடுவில் கிளப், பார்க்கிங் கிடையாது, விரிவாக்க நிலம் கிடையாது. புல்தரை குண்டும் குழியுமாப் போய், 1975-ல் களிமண் தரைக்கு மாத்தினாங்க. மன்ஹாட்டனில் வந்த அதே பிரச்சினை: இடம்.

டென்னிஸ் சங்கத்தின் அன்றைய தலைவர் ஸ்லூ ஹெஸ்டர். விமானத்தில் நியூயார்க்கில் இறங்கும்போது, ஃப்ளஷிங் மெடோஸ் பூங்காவில் சும்மா கிடந்த ஒரு பழைய அரங்கம் அவர் கண்ணில் பட்டது. 1964 உலகக் கண்காட்சிக்காகக் கட்டினது. அதைப் புதுப்பிக்க நகராட்சியோட ஒப்பந்தம் போட்டார். 1977-ல் கில்லெர்மோ விலாஸ் ஜிம்மி கானர்ஸை ஜெயிச்சதோட ஃபாரஸ்ட் ஹில்ஸ் அத்தியாயம் முடிஞ்சது. 1978-லிருந்து யு.எஸ். ஓபன் ஃப்ளஷிங்கில், ஹார்ட் கோர்ட்டில்.

தூரம் சில கிலோமீட்டர்தான். ஆனா புது இடம் நகரத்தின் பொதுப் பூங்கா. போட்டி இல்லாத நாட்களில் யார் வேணும்னாலும் காசு கட்டி கோர்ட் புக் பண்ணி ஆடலாம். மெம்பர்ஷிப் கமிட்டி கிடையாது, சிபாரிசுக் கடிதம் கிடையாது. இன்னைக்கு அங்கே இருக்கற பெரிய ஸ்டேடியத்துக்குப் பேர் ஆர்தர் ஆஷ். வளாகத்துக்குப் பேர் பில்லி ஜீன் கிங். 2019-லிருந்து ஆல்தியா கிப்ஸனுக்கு அங்கே சிலையும் இருக்கு.

பழைய கிளப் இன்னும் இருக்கு. 1964-ல் பீட்டில்ஸ் பாடின அந்த ஸ்டேடியம், போட்டி போன பிறகு பல வருஷம் பாழடைஞ்சு கிடந்தது. 2010-ல் அதை அடுக்குமாடி வீடுகளாக்கும் திட்டம் வந்து, மெம்பர்கள் ஓட்டெடுப்பில் போதுமான ஆதரவு கிடைக்காம நின்னு போச்சு. 2013-லிருந்து மறுபடி இசை நிகழ்ச்சிகள் நடக்குது. சத்தம் தாங்கலைன்னு அக்கம்பக்கத்துக்காரங்க நீதிமன்றம் வரைக்கும் போயிருக்காங்க.

இந்த எபிசோடுக்குப் படிச்சப்போ எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது கிப்ஸன் தூக்கின கோப்பை இல்லை, பன்ச் வேண்டாம்னு சொன்ன மெம்பர்ஷிப். உங்க அபார்ட்மெண்ட் அசோசியேஷன், காலேஜ் கிளப், ஆபீஸ் டீம், இதுல எல்லாம் யார் விருந்தாளி, யார் மெம்பர்னு ஒரு தடவை பாருங்க. 'எங்ககிட்ட பாகுபாடே இல்லை, இவரைப் பாருங்க'ன்னு யாராவது ஒருத்தரைக் காட்டினா, அவர் பேர் இல்லாத இன்னொருத்தர் விண்ணப்பிச்சா என்ன பதில் வரும்னு கேளுங்க.

பதில் சுவாரஸ்யமா இருந்தா எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.